குப்பை என்ற சொல்லின் பழைய பொருள்

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த ஊரில் 'குப்பை' என்றால் எரு. கோடை உழவுக்கு முன் மாட்டுவண்டி கட்டி வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். ஒரு வீட்டில் எத்தனை மாடு என்று கேட்க வேண்டியதில்லை, தொழுவத்தின் பின்னால் இருக்கும் குப்பைக்குழியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் என்று வீட்டில் மிஞ்சியவை எல்லாம் அந்தக் குழிக்குப் போய், ஓராண்டு கிடந்து, நிலத்துக்குத் திரும்பின.

சென்னை வேளச்சேரிக்குக் குடிவந்த பிறகு அதே சொல்லை வேறு பொருளில் பழகிக்கொண்டேன். 2022 ஏப்ரல் கடைசி வாரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. அது அடங்கச் சில நாட்கள் ஆயின. சன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் ஈரத்துணியைத் திணித்து வைத்தும் புகை வீட்டுக்குள் வந்தது. ஆஸ்துமா உள்ள என் அம்மா மூன்று இரவுகள் படுக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தொண்டைக்குழி உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே எரிவதில் நான் நாள்தோறும் காலையில் கட்டி வாசலில் வைத்த பையும் உண்டு என்பது உறைத்தது.

குப்பைமேடு ஏன் பற்றி எரிகிறது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். சோறும் காய்கறித் தோலும் காற்றுப்படும்படி கிடந்தால் நுண்ணுயிர்கள் அவற்றை மண்ணாக்கிவிடும். அவையே பாலித்தீன் பைக்குள் முடிச்சிடப்பட்டு, மேலே பல அடி உயரத்துக்குக் குப்பை அழுத்த, காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகிறது. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விடப் பல மடங்கு வலிமையான இந்த வாயு எளிதில் தீப்பிடிப்பதும்கூட. ஒரு பொறி போதும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விறகாகிவிடுகிறது. பிவிசி போன்ற குளோரின் கலந்த பொருள்கள் எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வருகிறது. புகையில் இருக்கும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத பிஎம் 2.5 என்ற நுண்துகள்களோ நுரையீரலின் கடைசி அறை வரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. காற்றில் அவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 40.

புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. அழுகும் குப்பையிலிருந்து வடியும் கறுப்புச் சாறு தெரிவதில்லை. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. தென்சென்னையின் மழைநீரை வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி அனுப்பும் நிலம் அது. அந்தத் தீ எரிந்த அதே ஆண்டில்தான், நீர்ப்பறவைகள் வாழும் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். பறவைகளுக்காக மட்டும் நான் கவலைப்படவில்லை. அந்தப் பகுதியில் போர்க்கிணறு வைத்திருக்கும் வீடுகளின் தண்ணீரும் அந்த மண்ணின் அடியில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அக்கா ஒருநாள் தன் வலது கைப் பெருவிரலைக் காட்டினார். குழம்பு ஊறிய பைக்குள் யாரோ போட்டிருந்த உடைந்த கண்ணாடி டம்ளர் அவருடைய கையுறையையும் கிழித்து, நகத்தின் ஓரம் வரை வெட்டியிருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. நாம் பிரிக்காமல் கொடுப்பதை அவர் தம் விரல்களால் பிரிக்கிறார்.

மஞ்சப்பையைக் கடைக்கு எடுத்துப் போகும் வழக்கம் திரும்பி வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் நம் நகரங்களின் குப்பையில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி சமையலறையிலிருந்து வருவது. அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அதை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மீதமுள்ள காகிதமும் பிளாஸ்டிக்கும் ஈரமில்லாமல், நாற்றமில்லாமல், மறுசுழற்சிக்குத் தகுந்ததாக வெளியே போகும் என்பது என் உறுதியான எண்ணம்.

மொட்டை மாடியில் ஓட்டையிட்ட இரண்டு மண்தொட்டிகளை வைத்துத் தொடங்கினேன். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் ஒருநாள் ஈரக்கழிவு ஏறக்குறைய முக்கால் கிலோ. முதல் மாதம் தவறிப்போயிற்று. ஈரம் மிகுந்து, புழு நெளிந்து, கீழ்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். பச்சைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், காய்ந்த இலையில் கார்பன் அதிகம். இரண்டும் இணைந்தால்தான் நுண்ணுயிர்கள் நாற்றமில்லாமல் வேலை செய்யும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் கழிவுக்கு மேல் இரண்டு கை வேப்பஞ்சருகும் தென்னை நார்த்துகளும் தூவி, வாரம் ஒருமுறை புளித்த மோர் தெளித்து, குச்சியால் கிளறிவிட்டேன். கிளறும்போது உள்ளிருந்து இளஞ்சூடு கையில் படும். எழுபதாம் நாள் தொட்டியைக் கவிழ்த்தபோது மாங்கொட்டைகளும் சில முட்டை ஓடுகளும் மட்டும் அப்படியே கிடந்தன. மற்றதெல்லாம் கறுத்து, உதிர்ந்து, முதல் மழைக்கு எழும் மண்வாசனையோடு இருந்தது. ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது. மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன.

அம்மா மெதுவாகப் படியேறி வந்தார். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து நசுக்கி, முகர்ந்து பார்த்தார். "குப்பை நல்லா மக்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலைச் செடியின் தூரில் அதைப் போட்டுக் கையாலேயே அணைத்துவிட்டார்.