சாக்கடைக் குழாய்க்கு உள்ளுறை போடுவதற்கு முன் வீடியோவைக் கேட்டு வாங்குங்கள்

ஒருவழியாக எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டுச் சாக்கடை ஒழுக்கு நின்றுவிட்டது. ஆனால் நடுவில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்களைப் போலப் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

1964இல் தொடங்கிய குடியிருப்பு இது. எங்கள் வீட்டு மண்ணுக்கடியில் கிடப்பது அந்தக் காலத்துச் சுட்ட மண்குழாய். மூட்டு இடுக்கில் மாமர வேர் புகுந்து விரிசல் விட்டு, முற்றம் எந்நேரமும் ஈரமாக நாறியது. வேலிக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, செலவும் நம்முடையது. தோண்டினால் சிமெண்ட் தளத்தோடு அம்மா வைத்த கறிவேப்பிலை மரமும் போய்விடும். அதனால் உள்ளுறைக்குச் சம்மதித்தோம். ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊறிய துணி உறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றடித்து ஒட்டவைத்து, இறுக விடுவார்கள்.

வேர் வெட்டியது, கழுவியது, உறை போட்டது எல்லாம் நல்லபடியாக முடிந்தன. மறுநாள் காலை அரிசி கழுவிய தண்ணீர் சிங்க்கை விட்டு இறங்கவில்லை. சுவரோரக் கல்லி ட்ராப்பில் (கழிவுநீர் விழும் வெளித்தொட்டி) வெள்ளையாகப் பொங்கி வழிந்தது. போன் செய்தால், "பழைய அடைப்புதான் அண்ணா, ஆசிட் ஊற்றிப் பாருங்கள்" என்று வைத்துவிட்டார் ஒப்பந்தக்காரர். அப்புறம் எடுக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு மாமா ஓய்வுபெற்ற ப்ளம்பர். "ஆசிட் எல்லாம் வேண்டாம் தம்பி. அடுப்படியிலிருந்து வந்து பெரிய குழாயில் சேரும் கிளைக்குழாய் வாயையும் உறை மூடியிருக்கும். வெட்டித் திறந்தானா, கேள்" என்றார்.

வேறொருவரை வைத்துக் குழாய்க்குள் கேமரா விட்டோம். அடுப்படிக் கிளை சேரும் இடத்தில் ஓட்டையே இல்லை, வழவழவென்ற சுவரில் லேசான குழி மட்டும். அந்த வீடியோவை அனுப்பியதும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெட்டும் கருவியோடு வந்து நின்றார்கள், காசு பேசவில்லை. குழாய்க்குள் அந்தக் குழியை அறுத்து வாயைத் திறந்ததும் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அம்மா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

வேலைக்கு முன்பே கேமரா ஓட்டி, எந்தக் கிளை எத்தனை மீட்டரில் சேர்கிறது என்று எழுதி வாங்குங்கள். குழாய் நொறுங்கிய இடத்தில் உறை நிற்காது, தொய்ந்த இடத்தை அது நிமிர்த்தவும் செய்யாது. அங்கே தோண்டித்தான் ஆகவேண்டும். ரெசின் இறுகும்வரை வீட்டில் ஒரு தண்ணீர்க் குழாயையும் திறக்காதீர்கள். எல்லாக் கிளை வாயும் திறந்திருப்பதைப் புது வீடியோவில் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.