கொடை கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற சவுண்ட் கார்டு வேண்டுமா? இதுவரை செய்து பார்த்தது

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடியப் பாடிய வில்லுப்பாட்டை என் சித்தப்பா 1980களிலிருந்தே கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். பாடிய புலவர்களில் பலர் இன்று இல்லை, நாடாவும் இனி எத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அவற்றைக் கணினியில் ஏற்ற இறங்கியதும் வந்த முதல் கேள்வி, மதர்போர்டிலேயே இருக்கும் ஆடியோ போதுமா, ஒலிக்கென்றே தனியாகப் பொருத்தும் சவுண்ட் கார்டு வாங்க வேண்டுமா என்பது. கேட்டவர்களில் பெரும்பாலோர் கார்டு வாங்கச் சொன்னார்கள். காசைப் போடும் முன் அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் மதர்போர்டில் இருப்பது ரியல்டெக் ஏஎல்சி887. சாதாரண விலைப் போர்டுகளில் வந்த சிப்தான். ஒலி வெளியே போகும் பக்கத்துக்கு 97 டெசிபல், உள்ளே வரும் பக்கத்துக்கு 90 டெசிபல் என்று அதன் தரவுத்தாளில் போட்டிருக்கிறது. முழுச் சத்தத்துக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி அது. பதிவு செய்கிறவர் பார்க்க வேண்டியது உள்ளே வரும் பக்கத்து எண்ணை. கார்டுப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெளியே போகும் பக்கத்து எண். சரி, கேசட்டில் எவ்வளவு இருக்கிறது? சாதாரண இரும்பு ஆக்சைடு நாடாவில் டால்பி என்னும் இரைச்சல் குறைப்பு இல்லாமல் பிடித்தது என்றால் 50 டெசிபலை ஒட்டித்தான் கிடைக்கும். கொடைப் பந்தலில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்ததில் அதுவும் குறையும். கணக்குப்படி 90 டெசிபல் தாராளம்.

கணக்கு மட்டும் போதாது என்று கேட்டும் பார்த்தேன். கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆர்சிஏ வயரைக் கணினியின் பின்பக்கத்து நீலத் துளையில், அதாவது லைன் இன்னில், செருகி, டேப்பை ஓடவிடாமல் வெறுமனே பதிந்து, ஆடாசிட்டி என்னும் பதிவு மென்பொருளில் இரைச்சலின் அளவைப் பார்த்தேன். அதே சோதனையை முன்பக்கத்து மைக் துளையிலும் செய்தேன். வித்தியாசம் மிகப் பெரிது. முன்பக்கத் துளைக்குப் போகும் வயர் கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு நீளமாகப் போகிறது. மவுசை நகர்த்தினாலே ஹெட்போனில் கிர்ரென்று கேட்கிறது. மைக் துளை எலெக்ட்ரெட் என்னும் வகை மைக்குக்காகச் சிறு மின்னழுத்தமும் கொடுக்கும், வரும் ஒலியைப் பெருக்கவும் செய்யும். டெக் அனுப்புவது ஏற்கெனவே பலமான சிக்னல், அது அங்கே போனால் நசுங்கித்தான் பதியும். ‘ஆன்போர்டு ஆடியோ மோசம்’ என்று சொல்கிறவர்களில் பலர் இந்தத் துளையில் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். பின்பக்கத்து நீலத் துளையில் அந்தக் கிர்ர் இல்லை. விண்டோஸ் தானாகச் சேர்க்கும் ஒலி மேம்பாடுகளையும் அணைத்துவிட வேண்டும், அவை வில்லுப்பாட்டில் தாளத்துக்கு அடிக்கும் குடத்தின் அடியை ஒரு மாதிரி அமுக்கிவிடுகின்றன.

ஆனால் ஒரு ‘ம்ம்ம்’ மட்டும் விடாமல் இருந்தது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம். வில்லுப்பாட்டில் குடத்தின் ஒலியும் கீழ் ஸ்தாயியில்தான் நிற்கும். பத்தி என்னும் தட்டும் கருவியால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் அந்த ‘தும்’ முழுவதும் இந்த ஹம்மில் கலங்கிப்போகிறது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் கணினி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த சவுண்ட் பிளாஸ்டர் ஆடிஜி எஃப்எக்ஸ் கார்டைக் கொடுத்து, “அண்ணாச்சி, இதப் போட்டுப் பாருங்க, சரியாயிரும்” என்றார். மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் சின்னத் துளையில் பொருத்தி, டிரைவர் ஏற்றி, அதே டெக், அதே வயர், அதே கேசட். அடி இரைச்சல் ரியல்டெக்கைவிடக் கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனால் நாடாவை ஓடவிட்டதும் அதன் உஸ்ஸென்ற இரைச்சல் இரண்டையும் மூடிவிட்டது, கண்ணை மூடிக் கேட்டால் எது எதுவென்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஹம் அப்படியே இருந்தது.

அது ஏன் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. டெக்கிலிருந்து இன்னொரு வயர் ஆம்ப்ளிஃபயருக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரில் மூன்று முள் பிளக், கணினி எதிர்ச் சுவரில் மூன்று முள் பிளக். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ வயரின் மேலுறை வழியாக ஒரு வளையம் உண்டாகி, அதில் கரண்டு சுற்றுகிறது. கார்டும் அதே கணினிக்குள், அதே எர்த்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கார்டு போட்டாலும் இந்த ஹம் வரத்தான் செய்யும். ஆம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றியதும் போய்விட்டது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினாலும் பெருமளவு குறைகிறது. இதற்காக எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

அப்புறம் செய்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், அதற்குச் செலவே இல்லை. டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அது ஹெட்டின் சாய்வைத் திருத்துவது. பதிந்த மெஷினின் ஹெட் ஒரு சாய்வில், ஓட்டும் மெஷினின் ஹெட் வேறு சாய்வில் இருந்தால் மேல் ஸ்தாயி ஒலிகள் செத்துவிடும். வில்லில் கட்டிய மணிகள், வீசுகோல் நாணில் விழும் சத்தம், ஜால்ரா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இம்மி இம்மியாகத் திருப்பி, மணி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினேன். கேசட்டுக்குக் கேசட் அந்த இடம் மாறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, “ஏல, எடத்துப் பக்கம் பாடுதவன் கொரலு இப்பதாம்ல கேக்கு” என்றார். எத்தனை டெசிபல் கார்டு போட்டாலும் அந்தக் குரல் வெளியே வந்திருக்காது.

கார்டு வாங்கு என்கிற பேச்சுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1989இல் முதல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது பெரும்பாலான கணினிகளில் பீப் சத்தம் தவிர வேறெதுவும் கிடையாது. 1997இன் ஏசி97 என்னும் தரநிலை வந்தபின் ஒலி மதர்போர்டுக்குள் குடியேறினாலும் தரம் போர்டுக்குப் போர்டு வேறுபட்டது. 2004இல் அதற்கு அடுத்த தரநிலையாக இன்டெல்லின் எச்டி ஆடியோ வந்தது. விண்டோஸ் விஸ்டாவில், விளையாட்டுகளின் ஒலியைக் கார்டின் சிப்பே கையாளும் பழைய வழியையும் எடுத்துவிட்டார்கள், கார்டுக்கான காரணமும் குறைந்தது. மின்தடை அதிகமான 250, 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் நல்ல கார்டு உதவும். லேப்டாப்பில் ஏற்ற நினைப்பவர்களுக்கோ வேறு வழியில்லை, அதில் பெரும்பாலும் லைன் இன் துளையே இருக்காது. ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி கருவி ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

அந்தக் கார்டை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ரியல்டெக்கின் நீலத் துளை வழியாகவே, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுகிறேன். உச்சம் மைனஸ் 12 டெசிபலை, அதாவது பதியக்கூடிய முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே உள்ள இடத்தை, தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், புலவர் எப்போது குரலை உயர்த்துவார் என்று சொல்ல முடியாது. 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் வேவ் கோப்பாக 500 எம்பியைத் தாண்டும். தரம் கெடாமல் சுருக்கும் ஃபிளாக் ஆக்கினால் நன்றாகக் குறைகிறது. இரைச்சல் நீக்கும் வடிகட்டியை மூலக் கோப்பில் தொடுவதே இல்லை, நகலில் மட்டும்.

அடுத்த கொடையில் நேரடியாகப் பதிய ஆசை இருக்கிறது. அதற்கு இந்தத் துளை ஆகாது. டைனமிக் மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட்தான், அதை 50, 60 டெசிபல் பெருக்க வேண்டியிருக்கும். மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் வயரைச் செருகும் துளையும், அதன் ஒலியைப் பெருக்கும் நல்ல ப்ரீஆம்ப்பும் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்தான் அந்த வேலைக்குச் சரி. இரண்டு மைக் துளை உள்ளதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: புலவருக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று.