உள்ளங்கையில முடி முளைக்க வைக்கிற மருந்து

எங்க ஊரு செங்கோட்டை. 1956 வரைக்கும் மலைக்கு அந்தப்பக்கத்து சர்க்காருக்கு கீழ இருந்த ஊரு, அதனாலயோ என்னவோ தலைக்கு தேய்க்கிற விஷயத்துல நாங்க இன்னும் பாதி மலையாளி தான். ஆச்சி கையாந்தகரைன்னு சொல்லுவா, புனலூர் வைத்தியர் கையோன்னின்னு சொல்லுவாரு, பள்ளிக்கூடப் புக்குல கரிசலாங்கண்ணி, எல்லாம் வாய்க்கா வரப்புல மொளைக்கிற அதே செடி.

அந்த சாறு, அவுரி இலைச் சாறு, நெல்லிக்கா சாறு, தேங்காப்பால் எல்லாத்தையும் தேங்காண்ணெயோட உருளில ஊத்தி ஆச்சி காச்ச ஆரம்பிச்சான்னா தெருவே மணக்கும். அடுப்ப எப்ப அணைக்கணும்ங்கறது தான் அதுல வித்தை. அடியில நிக்கிற கசடுல துளி எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல திரி மாதிரி உருட்டி தீயில காட்டுவா, படபடன்னு பொரிஞ்சா உள்ள இன்னும் தண்ணி இருக்குன்னு அர்த்தம், சத்தமில்லாம எரிஞ்சா இறக்கிரலாம். கொஞ்சம் அசந்தா கருகிரும், அப்புறம் அன்னிக்கு பூரா வீட்ல யாரும் வாயத் தொறக்க முடியாது.

பத்தாவது படிக்கும்போது எனக்கு பின்மண்டையில ஒரு ரூபா சைஸுக்கு வட்டமா கொட்டிப்போச்சு. புழுவெட்டு. ஆச்சி உள்ளிய, அதான் சின்ன வெங்காயத்த, நறுக்கி தேய்ச்சா, எரிச்சல் தாங்காம கத்துவேன், ரெண்டு மாசத்துல முடி வந்துட்டு. ஆச்சி அத தெருவுல சொல்லாத ஆளு கெடையாது.

முப்பது வயசுல முன்நெத்தி ஏறிச்சு. அதே ஆச்சி, அதே உள்ளி, அதே எண்ணெய், ஒண்ணும் நடக்கல. அப்பதான் வழுக்கைக்கு ஊரு உலகத்துல என்னல்லாம் பண்ணிருக்காங்கன்னு தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சேன்.

எகிப்துல ஏபர்ஸ் பாப்பிரஸ்னு ஒரு மருத்துவச் சுவடி, கி.மு. 1550 வாக்குல எழுதினது. அதுல நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, காட்டு ஆடு எல்லாத்தோட கொழுப்பையும் சேத்து தலையில தேய்க்கச் சொல்லிருக்கு (முதலைகிட்ட போயி கொழுப்பு எடுக்கிறவனுக்கு வழுக்கை ஒரு கவலையா என்ன). கிளியோபாட்ரா பேருல இருந்த ஒரு குறிப்ப ரோம் காலத்து வைத்தியர் காலன் எழுதி வச்சிருக்காரு, சுட்ட எலி, குதிரப் பல்லு, கரடி நெய், மான் எலும்பு மஜ்ஜை. ஜூலியஸ் சீசர் பின்னாடி முடிய முன்னாடி இழுத்து சீவுவாராம், செனட் குடுத்த மரியாதையிலேயே எப்பவும் இலை மாலைய தலையில வச்சுக்கிற உரிமை தான் அவருக்கு ரொம்பப் பிடிச்சதாம், ரோம் வரலாறு எழுதின சூட்டோனியஸ் சொல்லிருக்காரு. எங்க மாமா கல்யாண வீட்ல கூட தொப்பியக் கழட்ட மாட்டாரு, அது ஞாபகம் வந்துட்டு.

நம்மாளுங்க மட்டும் சளச்சவங்களா? சுஸ்ருத சம்ஹிதையில யானைத் தந்தத்த சுட்ட கரியையும் ரசாஞ்சனம்ங்கற மருந்துச் சரக்கையும் குழைச்சு பூசினா உள்ளங்கையில கூட ரோமம் முளைக்கும்னு இருக்கு. விளம்பரம் இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல.

இவ்ளோ கூத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஆளு விஷயத்த தொட்டிருக்காரு. கிரேக்கத்து வைத்தியர் ஹிப்பாக்ரடீஸ். விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழறதில்லன்னு ஒரு வரி. அவ்ளோ தான், அப்புறம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல யாரும் அதப் பெருசா எடுத்துக்கல, 1942-ல தான் ஜேம்ஸ் ஹாமில்டன்னு ஒருத்தர் அது ஆண் ஹார்மோன் பண்ற வேலைன்னு காட்டினாரு, அதுவும் குடும்ப வாகு இருந்தா தான். ரத்தக்கொதிப்பு மாத்திரையா வந்த மினாக்ஸிடில் கண்ட எடத்துல முடி வளர்த்ததப் பாத்து, 1988-ல அமெரிக்காவுல தலைக்கு தேய்க்கிற மருந்தா அனுமதி குடுத்தாங்க.

அப்போ ஆச்சி உள்ளி? 2002-ல பாக்தாத் டாக்டருங்க புழுவெட்டுக்கு வெங்காயச் சாறு தேய்ச்சுப் பாத்துருக்காங்க, ஆறு வாரத்துல 23 பேர்ல 20 பேருக்கு முடி வந்துருக்கு, வெறும் தண்ணி தேய்ச்ச 15 பேர்ல 2 பேருக்கு தான். சின்ன ஆராய்ச்சி தான், ஆனாலும் ஆச்சிக்கு மார்க்கு போடணும். ஆனா ஒண்ணு, புழுவெட்டு நெறைய பேருக்கு சும்மா விட்டாலே திரும்பிரும். காய்ச்சல் வந்து கொட்டுறது, புள்ள பெத்தப்புறம் கொட்டுறது, அதுவும் சில மாசத்துல தானா வரும், அந்த நேரம் பாத்து கையில எந்த எண்ணெய் பாட்டில் இருக்கோ அதுக்குப் பேரு போயிரும். முதலைக் கொழுப்பும் இப்படித்தான் பேரு வாங்கிருக்கும்னு நெனைக்கேன். முன்நெத்திக்காரன் சோலி தான் பாவம், அவனுக்கு அப்படி எதுவும் தானா திரும்பி வராது.

ஆச்சி போயிட்டா. இப்ப அம்மா தான் காச்சுறாங்க. போன வாரம் போன் பண்ணி எண்ணெய் எறக்கிட்டேன், வந்து எடுத்துட்டுப் போன்னாங்க. முன்னாடி ஒண்ணுமே இல்லையேம்மா, எதுக்குன்னு கேட்டேன்.

"பின்னாடி இருக்குல்லா, அதுக்கு தேய்லே."