லேசான ஆகாரம்

ஜனவரி 22, 2025

இன்றிலிருந்து இரண்டு வாரம் திரவ உணவு மட்டும். எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே எதற்கு இந்தப் பட்டினி என்று கேட்டதற்கு சர்ஜன் படம் வரைந்து காட்டினார். இரைப்பையை மறைத்தபடி கல்லீரல் இருக்கிறது. 118 கிலோ இருக்கும் எனக்கு அதில் கொழுப்பு ஏறிப் பருத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அது சுருங்கி வழிவிடும். மோர், பருப்புத் தண்ணீர், புரதப் பவுடர். மாலையில் டீயோடு பிஸ்கட்டை நீட்டிய அம்மா, சட்டென்று நினைவு வந்து தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கும்தான்.

பிப்ரவரி 7

நேற்று முன்தினம் ஸ்லீவ் என்கிற இரைப்பைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். ஒரு மடக்குத் தண்ணீர், கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. தோள்பட்டை வலிக்கிறது, வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவதாம். நடக்கச் சொல்கிறார்கள்.

மார்ச் 2

11 கிலோ குறைந்திருக்கிறது. பசியே இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த மேல் பகுதியில்தான் சுரக்குமாம். சாப்பாட்டு நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

பார்க்க வருகிற எல்லோரும் பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறார்கள். அலமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிட்டது.

மே 11

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. வேகமாக எடை இறங்கினால் மூன்று நாலு மாதத்தில் இப்படி உதிரும், திரும்ப வளரும் என்றார் டயட்டீஷியன். ஆனால் புரதத்தை விட்டுவிடக் கூடாது. நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். நேற்று சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். 38.

ஜூன் 9

எடை மூன்று வாரமாக 94இல் நிற்கிறது. காரணத்தை இன்று கண்ணால் பார்த்தேன்.

காலையில் ஒரு அவித்த முட்டை. முக்கால்வாசி இறங்கியதுமே நெஞ்சுக்கு நடுவே கல் வைத்த மாதிரி. அதற்கு மேல் ஒரு வாய்கூட முடியவில்லை. சாயங்காலம் டீயோடு கிரீம் பிஸ்கட் ஐந்து போனது. எந்தக் கல்லும் இல்லை. வாயிலேயே மாவாகிவிடுகிறது, டீ அதைக் கூழாக்கிக் குழாய் வழியே இறக்கிவிடுகிறது. முட்டையும் மீனும் சுண்டலும் நின்று நிதானமாகத்தான் நகரும். இது நிற்கவே இல்லை. சாப்பிடும்போது எதையும் குடிக்காதே, அரை மணி நேரம் தள்ளிக் குடி என்று ஏன் அத்தனை தடவை சொன்னார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பாக்கெட்டைத் திருப்பி வாசித்தேன்: மைதா, சர்க்கரை, பாமாயில், இன்வெர்ட் சிரப், எமல்சிஃபையர், செயற்கை மணம். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை வைத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. அதிகம் பதப்படுத்தியது, பதப்படுத்தாதது என்ற இரண்டு வகை உணவிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சமம். அப்படியும், அதிகம் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் சுமார் 500 கலோரி கூடுதலாக, வேகமாகவும் சாப்பிட்டார்கள். முழு இரைப்பை உள்ளவர்களுக்கே அந்த நிலை.

எனக்குக் கோபம் பிஸ்கட் மேல் மட்டும் இல்லை. காய்ச்சல் என்றால் பன், வயிறு சரியில்லை என்றால் பிஸ்கட், ஆஸ்பத்திரிக்குப் போனால் பிஸ்கட் பாக்கெட். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அன்பைக் காட்டும் பொருளாகவே அதை வைத்திருக்கிறோம். எத்தனை வீட்டில் எத்தனை நோயாளிகள் இதைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்!

ஜூன் 10

அம்மாவிடம் சொன்னேன். "அது லேசான ஆகாரம்னுதானே நினைச்சேன்," என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாசிப்பயறை ஊறப்போட்டாள்.

ஜூன் 11

நாலு மணிக்குச் சின்னக் கிண்ணத்தில் பயறுச் சுண்டல், மேலே தேங்காய்ப்பூ. நாலு ஸ்பூனில் வயிறு நின்றுவிட்டது. டீ நாலரைக்கு மேல். அதுவரை அம்மாவும் தன் டீயைக் குடிக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.