தேக்காவில் குரல் பதிவது எப்படி?

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக் கடைக்காரரைப் பேச வைப்பது எளிது. வானொலி ஆவண நிகழ்ச்சிக்கு ஏற்றபடி பதிவதுதான் கடினம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே வைத்தால் பகர ஒலிகள் வெடிக்கும். பதிவுக் கருவி காட்டும் ஒலியின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். திடீர்ச் சிரிப்பில் உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது.

பேட்டி முடிந்ததும் அதே இடத்தில், யாரும் பேசாமல், ஒரு நிமிடம் பதியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது விசிறி இரைச்சல் சட்டென்று அறுந்தால் காது உடனே கண்டுகொள்ளும். அந்த இடைவெளியை நிரப்புவது இந்த ஒரு நிமிடம்தான். கடையில் பாட்டு ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள்: வெட்டிய இடத்தில் பாட்டு தாவும், உரிமைச் சிக்கலும் வரும்.

பழைய குரல்கள் வேண்டுமென்றால், 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பைத் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். தமிழ்ப் பேட்டிகளும் உண்டு.