ஆண்டு அழிந்த காசுகளுக்கு வயது பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் பரம்பரையாகக் கிடந்த பழைய காசுகளை வகை பிரித்து உறையில் போட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதிக் காசுகளில் ஆண்டே இல்லை. எல்லாம் பிரிட்டிஷ் இந்தியக் காசுகள். காலணா, தம்பிடி (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு), கொஞ்சம் வெள்ளி ரூபாய். புழங்கித் தேய்ந்தது போக, பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கியதிலும் நிறையப் போயிருக்கிறது. தெரிந்த வியாபாரி ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "வருஷம் இல்லாட்டி வெறும் செம்பு விலைதான் சார்" என்றார். விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் உறையின் மேல் ஏதாவது எழுத வேண்டுமே.

அழிந்துபோன எண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் கண் வலிதான் மிச்சம். இந்தக் காசு எந்த ஆண்டாக இருக்கவே முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் சுலபம். பிரிட்டிஷ் காலத்தில் ராஜா மாறினார், உலோகம் மாறியது, எடை மாறியது, விளிம்பு மாறியது. ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது என்று தெரிந்தால் போதும்.

முதலில் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். முகம் முழுக்க வழித்துப் போயிருந்தாலும் மூக்கின் ஓரக்கோடு மட்டும் தப்பித்துக்கொள்ளும். விக்டோரியா இடப்பக்கம் பார்க்கிறார், ஏழாம் எட்வர்டு வலப்பக்கம், அதன்பின் வந்த இரண்டு ஜார்ஜுகளும் இடப்பக்கம். காலணாவிலும் ரூபாயிலும் எட்வர்டுக்குக் கிரீடம் கிடையாது, வழுக்கைத் தலை, தாடி. ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடியும் கிரீடமும். ஆறாம் ஜார்ஜ் மழித்த முகம். ஆகவே காலணாவில் தலை வலப்பக்கம் பார்த்தால் அது 1903-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது, யோசிக்கவே வேண்டாம். ரூபாயில் மட்டும் இன்னொரு வலப்பக்கத் தலை உண்டு, 1835-ல் வந்த நான்காம் வில்லியம். அதன் பின்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இருக்கும் என்பதால் குழப்பம் வராது.

விக்டோரியா காசுகளுக்கு எழுத்துதான் துணை. 1876 வரை அவர் 'குயின்', 1877 முதல் 'எம்ப்ரஸ்'. முழுச் சொல்லும் தெரிய வேண்டும் என்றில்லை. விளிம்போரம் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு 'எஸ்' நிழலாகத் தெரிந்தாலே அது பேரரசி காலத்துக் காசு. இதற்கு லென்ஸைவிட வெளிச்சம்தான் முக்கியம். அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைக் காசுக்கு நேர் மேலே பிடிக்காமல் மேசையோடு படுக்க வைத்து, காசை மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு கோணத்தில் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் திருப்பினால் திடீரென்று ஒரு எழுத்தின் கால் எழுந்து நிற்கும். அந்த நொடியில் போனில் படம் எடுத்துவிட வேண்டும், மறுபடி அதே கோணம் கிடைப்பது கஷ்டம். மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். செம்பில் பரவாயில்லை, வெள்ளியில் அவ்வளவாக எடுபடவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உழைத்தது நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. எட்வர்டு காலணாக்களில் அதன் அருமை தெரிந்தது. 1906-ல் அரசு காலணாவைச் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாற்றியது. எடை 100 கிரெயினிலிருந்து 75 கிரெயினாக இறங்கியது, அதாவது சுமார் 6.5 கிராமிலிருந்து 4.9 கிராமுக்கு. அகலம் கிட்டத்தட்ட அதேதான், தடிமன் மட்டும் குறைந்தது. என்னிடம் இருந்த இரண்டு எட்வர்டு காலணாக்களும் பார்வைக்கு ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன. தராசில் ஒன்று 6.1 காட்டியது, மற்றது 4.6. தேய்மானத்தில் கொஞ்சம் போயிருந்தாலும் இடைவெளி பெரியது என்பதால் சந்தேகமே இல்லை. முன்னது 1903 முதல் 1906-க்குள், பின்னது 1906 முதல் 1910-க்குள். ஓர் எண்ணைக்கூடப் படிக்காமல் இந்த அளவுக்கு நெருங்கிவிடலாம்.

உலக யுத்தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய காசுகளும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் எட்டணா வெள்ளியாக இல்லாமல் தாமிர நிக்கலாக இருந்தால் அது 1919 அல்லது 1920, வேறு ஆண்டே கிடையாது. மஞ்சள் நிறத்தில் பித்தளை போல இருக்கும் அரையணா, அணா, இரண்டணா எல்லாம் 1942 முதல் 1945 வரை. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை. காந்தத்தில் ஒட்டுகிற புலி போட்ட நிக்கல் ரூபாய் 1947 மட்டும்தான்.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் இன்னொரு வேடிக்கை. ராஜாவின் அங்கியில் ஒரு யானை உருவம் உண்டு. 1911-ல் அச்சிட்டபோது துதிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்து, பெரிய சர்ச்சையாகி, 1912-ல் அச்சைத் திருத்தினார்கள். யானை இருக்கும் இடம் தேயாமல் இருந்து, துதிக்கை குட்டையாகத் தெரிந்தால் ஆண்டு 1911 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். என்னுடைய ஜார்ஜ்களில் அந்த இடம் எல்லாவற்றிலும் மழுங்கியிருந்தது.

ஆண்டு பளிச்சென்று தெரிந்தும் வயது சொல்லாத காசுகள் இருப்பது எனக்குப் புதுச் செய்தி. 1840 என்று போட்ட கம்பெனி ரூபாயை அதே ஆண்டு எண்ணோடு 1862 வரை அடித்தார்கள். விக்டோரியா பெயர் தலையைச் சுற்றி ஒரே தொடராக ஓடினால் முந்தியது, இரண்டாகப் பிரிந்து நின்றால் பிந்தியது. அடுத்து வந்த 1862 ரூபாயையும் 1873 வரை ஆண்டு மாற்றாமலே அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலை மட்டும் ஆண்டுக்கு அருகே புள்ளிகள் வைத்து உள்கணக்கு வைத்துக்கொண்டது. ஆண்டு தேய்ந்த காசைப் பார்த்து நொந்துகொள்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இனி என்னிடம் இருந்த ஒரு வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் தலை, முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் சோப்பு போல வழவழப்பு. விளிம்பில் பற்று வைத்த தழும்பு இருந்தது. யாரோ பதக்கமாகக் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், ராஜா வெளியே பார்க்க, ஆண்டு இருந்த பக்கம் உடம்போடு உரசியிருக்கிறது. இதில் தராசு உதவாது. ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் எல்லாமே 11.66 கிராம். ஆனால் 1940 முதல் வெள்ளியின் தரத்தை 91.7 சதவீதத்திலிருந்து 50-ஆகக் குறைத்தபோது, கள்ளக்காசைத் தடுக்க விளிம்பையும் மாற்றினார்கள். பழையதில் நேர்வரிகள் மட்டும். புதியதில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். தழும்பைத் தவிர்த்து மிச்ச விளிம்பை லென்ஸில் சுற்றிப் பார்த்தேன். பள்ளம் இல்லை.

அப்படியானால் 1938 அல்லது 1939. இங்கேதான் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. 1938 சர்வ சாதாரணம், 1939 அபூர்வம். ஆண்டைச் செதுக்கி 1939 ஆக்கி விற்பவர்கள் இருக்கும் அளவுக்கு அபூர்வம். டார்ச்சைப் படுக்க வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கடைசி எண்ணின் மேல்பாதி எட்டாக இருந்தாலும் ஒன்பதாக இருந்தாலும் வட்டம்தான், அதைப் பார்த்துப் பயனில்லை. கீழ்ப்பாதியின் இடப்பக்கம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தபோது அங்கே மெல்லிய நிழல் ஒன்று வளைந்து மேலே போய்ச் சேர்ந்தது. மூடிய வட்டம். எட்டு. சரி, 1938.

அமிலம் வைத்தால் தேய்ந்த எண் தெரியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை வந்த எருமை நிக்கல் காசுகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். அச்சு அழுத்திய இடத்தில் உலோகம் இறுகியிருப்பதால் அமிலம் அங்கே வேறு மாதிரி அரிக்கும், எண்ணின் வடிவம் தெரிந்துவிடும். கூடவே அந்த இடம் நிரந்தரமாகப் பொரிந்தும் போகும், சேகரிப்பவர்கள் அப்புறம் அதைத் தொடமாட்டார்கள். படித்துவிட்டுப் பாழாக்குவதற்குப் படிக்காமலே வைத்திருக்கலாம். புளியும் அதே வகைதான், கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களையும் இந்தச் சாக்கில் நிறையப் பார்த்தேன். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறவர்களும் உண்டு. அந்த வங்கி இப்படியொரு வேலையில் இல்லை, யாருக்கும் பணம் கட்டாதீர்கள் என்று 2021-லேயே அறிவித்துவிட்டது.

என்னை இன்னும் படுத்துவது எட்வர்டு தம்பிடிகள். செம்புத் தம்பிடி 2.16 கிராம், வெண்கலம் 1.62. வித்தியாசமே அரை கிராம்தான். நன்றாகத் தேய்ந்த செம்பு 1.6-க்கு இறங்கினால் எந்தப் பக்கம் சேர்ப்பது? தடிமனை அளந்தும் பயனில்லை, தேய்மானத்தில் அதுவும் குறைந்திருக்கும். நிறத்தைப் புளி தின்றுவிட்டது. அவற்றின் உறையில் 1903–1910 என்று பென்சிலால் எழுதி மூடிவிட்டேன்.