வலையில் விழுந்ததும் கூடையில் இருப்பதும்

ஒரு மாணவியின் சார்ட்டில் அந்த வெள்ளைத் தாளை ஒட்டச் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்பதில்தான் நினைக்கும்போதெல்லாம் கணக்கு மாறுகிறது.

வகுப்பில் நான் சொன்னது இதுதான்: சூரியனைச் சுற்றியிருந்த தூசியும் கல்லும் மோதி மோதிச் சேர்ந்து பூமி ஆனது. அதனால் அந்தப் பழைய மூலப்பொருள் அதிகம் மாறாமல் மிஞ்சியிருக்கும் காண்ட்ரைட் விண்கற்களை ஆராய்ந்தால், பூமி மொத்தத்தில் என்னென்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"மோதுனா செதறாதா சார்?" என்றாள் அந்தப் பிள்ளை.

செதறினாலும் ஈர்ப்பு விசை திரும்ப இழுத்துக்கொள்ளும் என்றேன். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையுமா? கூடையில இருக்குறத வச்சு வலையில என்ன விழுந்துச்சுன்னு சொல்ல முடியாதே சார். சங்காயத்த, அதான் விலைபோகாத கழிசல் மீன, முதல்லயே கழிச்சிருவாங்களே."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் அன்றிரவே தேடிப் படித்தேன். இதை என் பக்கத்துக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அவள் கேட்டது ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். உருகிய குட்டிக் கோளில் இரும்பு உள்ளே இறங்கிவிடும், பாறை மேலே நிற்கும். மோதினால் முதலில் பறிபோவது மேல்தோல். செவ்வாய் அளவுள்ள ஒன்று பூமியில் மோதி நிலா பிறந்தது என்கிறார்களே, நிலாவில் இரும்பு குறைவாக இருப்பதற்கு அந்தக் கதை நன்றாகப் பொருந்துகிறது. பூமியைப் பற்றியும் ஒன்று கிடைத்தது. 2005-இல் பூமிப் பாறைகளை அளந்தபோது, நியோடிமியம் என்ற உலோகத்தின் ஒரு வகையான நியோடிமியம்-142 காண்ட்ரைட்டில் இருப்பதைவிடப் பத்து லட்சத்துக்கு 20 பங்கு கூடுதலாக இருந்தது. அது சமாரியம்-146 என்ற கதிரியக்கப் பொருள் சிதைந்து வருவது. பூமியின் முதல் மேலோடு நியோடிமியத்தைக் கூடுதலாகச் சுமந்திருக்கும். மோதல்களில் அந்த ஓடு போயிருந்தால் மிச்சத்தில் சமாரியத்தின் பங்கு ஏறியிருக்கும், அது சிதைந்து வரும் நியோடிமியம்-142-உம் கூடியிருக்கும். இப்படி ஒரு விளக்கம்.

மறுநாள் வகுப்பில், "நீ சொன்னதுதான் சரி" என்றேன். அறிவியல் கண்காட்சிக்கு அவள் வரைந்த சார்ட்டின் நடுக்கட்டத்தில் அந்த 20 பங்குதான் இருந்தது. வலையும் கூடையும்கூட வரைந்திருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அடுத்த செய்தி என் கண்ணில் பட்டது. 2016-லேயே இரண்டு குழுக்கள் அந்த 20 பங்குக்கு வேறு காரணம் காட்டிவிட்டன. எதுவும் பறிபோகத் தேவையில்லை. பழைய விண்மீன்களில் உண்டான பொருள் சூரியனைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே அளவில் கலந்திருக்கவில்லை. பூமிக்குக் கிடைத்த கலவையே காண்ட்ரைட்டுக்குக் கிடைத்த கலவையிலிருந்து கொஞ்சம் வேறு.

"அப்போ நான் சொன்னது தப்பா சார்?"

"தப்புன்னு இல்லம்மா. இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கட்டத்து மேல வெள்ளைத் தாள் ஒட்டிரு."

இவ்வளவுதான் நடந்தது. நடுவர்கள் பிள்ளைகளை எப்படிக் குடைவார்கள் என்று தெரியும், அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல நாள் வைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் ஒரே கேள்விக்கு மூன்றாவது பதில் சொல்லும் வாத்தியாராக நிற்க எனக்குத் தைரியமில்லை. அதுவும் பொய்யில்லை.

மறுநாள் நடுவர் அந்தத் தாளில் விரலை வைத்து, "இங்க என்ன?" என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"தப்பா எழுதிட்டேன் சார்" என்றாள்.

என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

திரும்பி வரும்போது பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். ஒரே நாளில் வலை வீசினாலும் இரண்டிலும் ஒரே மீனா படும்? 'கூடையில எதையும் கழிக்கலம்மா, வலை வீசுன கடலே வேற' என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் பிடித்திருப்பாள். சார்ட்டில் அதையும் சேர்த்து வரைந்திருப்பாள். நடுவருக்கே புரிந்திருக்கும். இந்த மாதிரி உவமையெல்லாம் எனக்கு பஸ்ஸில்தான் வருகிறது.

அதோடு போகவில்லை. பின்னால் 2017-இல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன். பூமியின் மெக்னீசியம் காண்ட்ரைட்டில் இருப்பதைவிடக் கனமான ஐசோடோப்பு பக்கம், அதாவது அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்கள் பக்கம், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மோதலின் சூட்டில் பாறையே ஆவியாகி, லேசானது முந்திக்கொண்டு தப்பிவிட்டது என்கிறார்கள். வளர்ந்துகொண்டிருந்த குட்டிக் கோள்கள் தங்கள் எடையில் 40 விழுக்காடுவரை அப்படி இழந்திருக்கலாமாம். ஆக, அவள் காட்டிய சான்றுதான் போனது. கேள்வி போகவில்லை. நான் இரண்டையும் சேர்த்து மூடச் சொல்லிவிட்டேன். இதைப் படித்தபோது அவள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள். தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கலாம். நாலாவது பதிலாக இருந்திருக்கும்.

இந்த வருஷமும் அதே பாடம் வந்தது. மோதி மோதிச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.